ராச்டேல் ஹார்னெட்ஸ்: ரசிகர்கள் ஏற்று நடத்திய கழகம்

மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பழைய பஞ்சாலை நகரம் ராச்டேல். அங்கே 1871-இல் தொடங்கியது ஹார்னெட்ஸ் ரக்பி கழகம். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு, அவன் இழந்த கூலியை ஈடுகட்டலாமா என்ற தகராறில் 1895-இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் தனியே பிரிந்தன. அந்தப் பிரிவில் பிறந்ததுதான் 13 பேர் ஆடும் ரக்பி லீக். பிரிந்த கழகங்களில் ஹார்னெட்ஸும் ஒன்று.

1922-இல் ஹல் அணியை 10-9 என்று வென்று சேலஞ்ச் கோப்பையைக் கைப்பற்றியது. அதன்பின் அந்தக் கோப்பை ராச்டேலுக்கு வரவே இல்லை. ஆனால் 1924-இன் இறுதியாட்டம் அதன் சொந்த மைதானமான அத்லெடிக் கிரவுண்ட்ஸில்தான் நடந்தது. வீகனும் ஓல்டமும் மோதிய அந்த ஆட்டத்துக்கு 41,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். மைதானத்துக்குள் வழிந்த கூட்டத்தைக் குதிரைப் போலீசார் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஆலைகள் மூடப்பட மூடப்பட, வாரக் கூலியில் டிக்கெட்டுக்கென்று காசு எடுத்து வைத்த கூட்டமும் குறைந்துபோனது. 1988-இல் அந்த மைதானம் விற்கப்பட்டது. அங்கே சூப்பர் மார்க்கெட் எழுந்தது. ஹார்னெட்ஸ், ஊர்க் கால்பந்துக் கழகம் ஆடும் ஸ்பாட்லாந்து மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது.

2008-09 வாக்கில் கடன் கழுத்தை நெரித்தது. பணக்காரர் ஒருவர் வந்து காப்பாற்றட்டும் என்று ரசிகர்கள் காத்திருக்கவில்லை. தாங்களே பங்கு வாங்கி, கழகத்தைக் கூட்டுறவுச் சங்கமாக மாற்றினார்கள். வேறெந்த ஊரையும்விட ராச்டேலுக்கு இது பொருத்தம். 1844-இல் டோட் லேன் தெருவில் 28 பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கத் திறந்த கடைதான் நவீன கூட்டுறவு இயக்கத்தின் முன்மாதிரி. சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலையும் அந்த வழியில் வந்ததே. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு என்ற டோட் லேன் கடையின் விதி, அப்போது ரக்பி கழகத்துக்கும் வந்தது. கழகத்தின் உயிர் ஒரு தனிமனிதரின் மனப்போக்கில் தொங்காமல் இருந்ததற்கு இந்த விதியே காரணம்.

பலனும் கிடைத்தது. 2013-இல் பக்கத்து ஊரான ஓல்டமை இறுதியாட்டத்தில் 32-18 என்று வீழ்த்தி ஹார்னெட்ஸ் மேல் பிரிவுக்கு ஏறியது. பிறகு கீழே இறங்கினாலும், 2016-இல் பிரான்சுக்கே போய் துலூஸ் அணியை 24-22 என்று தோற்கடித்து மீண்டும் ஏறியது. பின்னாளில் கழகம் தனியார் முதலீட்டாளர்களின் கைக்கு மாறியது. அவர்களுக்குக் கிடைத்தது, ரசிகர்கள் உயிரோடு காத்து ஒப்படைத்த கழகம்.