குறட்டையும் வைரஸும்: ஏன் அந்த ஒருத்தர் மட்டும்?

இந்த எபிசோட முத்துப்பேட்டையில, பெரியப்பா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி கேட்கிறது மோட்டார் சத்தம் இல்ல, பெரியப்பாவோட மத்தியான குறட்டை.

2021-ல அவருக்கு கோவிட் வந்துச்சு. காய்ச்சல் பத்து நாள்ல போயிடுச்சு, மறதி போகல. எந்த வயலுக்கு யூரியா போட்டோம்னு தெரியாம வரப்புல நிப்பார். சமீபத்துல அவரைப் பார்த்த நரம்பியல் டாக்டர் பெரியம்மாகிட்ட கேட்டது: "ராத்திரி குறட்டை விடும்போது நடுவுல மூச்சு நிக்குமா?" பெரியம்மா யோசிக்கவே இல்ல. "முப்பது வருஷமா நிக்குது சார்."

வைரஸ் வந்து போன மூளைக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினேன். அதுதான் இன்னைக்கு கதை.

இந்த ஊர் மாதிரி நெல் வயல்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவுல முதன்முதலா அடையாளம் கண்டது 1955-ல, நம்ம வேலூர்ல. தண்ணி நிக்கிற நெல் வயல்ல வளர்ற க்யூலெக்ஸ் கொசு, கொக்கு நாரைகிட்டேர்ந்தும் பன்றிகிட்டேர்ந்தும் அந்த வைரஸை மனுஷனுக்குக் கொண்டு வருது. ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கைப் பாருங்க. வைரஸ் உடம்புக்குள்ள போற சுமார் 250 பேர்ல ஒருத்தருக்குத்தான் மூளை கடுமையா பாதிக்குது. போலியோவுலயும் இதே மாதிரிதான், 200-ல ஒருத்தருக்கு நிரந்தர வாதம். மீதிப் பேர்ல பெரும்பாலானவங்க வந்ததே தெரியாம இருந்துடுவாங்க.

ஏன் அந்த ஒருத்தர்?

போலியோ டாக்டர்கள் இதுல ரொம்ப மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. கிடைச்ச ஒரு துப்பு விசித்திரமானது: டான்சில் ஆபரேஷன் பண்ணின குழந்தைகளுக்கு, மூச்சையும் விழுங்குறதையும் கட்டுப்படுத்துற மூளைத்தண்டைத் தாக்குற போலியோ அதிகமா வந்துச்சு. இன்னைக்கு குழந்தைகளோட தூக்க மூச்சுத்தடைக்கு முதல் சிகிச்சையே டான்சிலை எடுக்கிறதுதான்! இதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன்.

1952-ல கோபன்ஹேகன்ல அந்த வகை போலியோ பெருசா பரவினப்ப, பியோர்ன் இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர் தொண்டையில துளை போட்டு, மருத்துவ மாணவர்களை ஷிஃப்ட் போட்டு கையால பையை அமுக்கி காத்து கொடுக்க வச்சார். இன்னைக்கு ஐசியூன்னு நாம சொல்றது அங்க பிறந்ததுதான். பிழைச்சவங்க வீட்டுக்குப் போனாங்க, எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. ஆனா 1958-ல அமெரிக்காவுல ஃப்ரெட் ப்ளம், ஆகஸ்ட் ஸ்வான்சன் ரெண்டு பேரும் இன்னொண்ணை எழுதினாங்க. போலியோவுலேர்ந்து தேறின சிலருக்கு, விழிச்சிருக்கும்போது மூச்சு சரியா இருக்கு, தூங்கினா தடுமாறுது. அதாவது, வைரஸ் போன பிறகு தூக்கத்துல மூச்சு கெட்டுப்போச்சு.

நம்ம டாக்டர் கேட்டது இதுக்கு நேர் எதிர்க் கேள்வி. மூச்சு முன்னாடியே கெட்டுப்போயிருந்தா, வைரஸ் வர்றப்ப மூளைக்கு அடி கூடுதலா விழுமா? இதை அந்தக் காலத்துல கேட்டிருக்கவே முடியாது. தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்கிறதை மார்சேல்லயும் ஃப்ரைபர்க்லயும் கருவி வச்சு அளந்து சொன்னதே 1965-லதான். 1955-ல வேலூர் கேஸ் ஷீட்ல குறட்டைன்னு ஒரு வரியை யார் எழுதியிருப்பாங்க?

கோவிட் வந்த பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்க டேட்டா கிடைச்சுது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ராத்திரி முழுக்க ஆக்சிஜன் இறங்கி ஏறிக்கிட்டே இருந்தா உடம்புல அழற்சி கூடும், ரத்தக்குழாய் சேதமாகும். அப்படிப்பட்ட மூளைக்கு வைரஸ் இன்னொரு அடி. அமெரிக்காவோட ரெகவர் திட்டம் 2023-ல லட்சக்கணக்கான மருத்துவப் பதிவுகளை அலசுச்சு. தூக்க மூச்சுத்தடை இருந்த பெரியவங்களுக்கு மூளை மந்தம் உட்பட நீண்டகால கோவிட் ஆபத்து ஒரு டேட்டாபேஸ்ல 12 சதவீதம் அதிகம், இன்னொண்ணுல 75 சதவீதம். குழந்தைகள்ல, உடல் பருமனைக் கணக்குல எடுத்ததும் தொடர்பு காணாமப் போச்சு.

ஒரே கேள்விக்கு 12, 75னு வந்தா நான் கோடை சந்தேகப்படுவேன். ஏற்கெனவே மூச்சுத்தடைன்னு தெரிஞ்சவங்க டாக்டர்கிட்ட அடிக்கடி போறவங்க, அதனாலயே இன்னொரு நோயும் பதிவாகலாம். எதிர்ப்பக்கமும் ஓட்டை இருக்கு. எந்த டேட்டாபேஸ்ல போட்டாலும் எங்க பெரியப்பா "மூச்சுத்தடை இல்லை"ங்கிற காலத்துலதான் உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷமா யாரும் டெஸ்ட் பண்ணலயே. அதனால காரணம் நிரூபணமாச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த டாக்டர் கேட்டது சரியான கேள்வி.

போன வாரம் தஞ்சாவூர்ல ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை. மணிக்கு 30 தடவைக்கு மேல மூச்சு தடைபட்டா தீவிரம்னு கணக்கு. பெரியப்பாவுக்கு 41. சிகிச்சை, காத்தை அழுத்தி உள்ள அனுப்புற முகமூடி மெஷின். 1981-ல சிட்னியில காலின் சல்லிவன் வேக்குவம் க்ளீனர் மோட்டார் வச்சு கண்டுபிடிச்சதோட வாரிசு. மறதி குறையுமா? டாக்டர் வாக்கு கொடுக்கல, மூணு மாசம் போட்டுப் பார்க்கலாம்னார்.

பெரியம்மாவோட கவலை வேற. கஜா புயல் அடிச்சப்ப கரண்ட் எத்தனை நாள் இல்லன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. இன்வெர்ட்டர் விலை கேட்டு வரச்சொல்லி என்னை இப்ப கடைத்தெருவுக்கு விரட்டுறாங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.