மலைக்குளிரும் மின்பானையும்

ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். வீட்டிலேயே பியர் காய்ச்சும் மின்பானை ஒன்றை வாங்கியிருக்கிறானாம். "மாமா, வரும்போது அதைக் கண்டிக்குக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலில் ஒரு வரலாறும் இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இலங்கையில் பியர்த் தொழிலின் பிறப்பிடம் நுவரெலியா. பின்னாளில் ஆபிரிக்கப் பயணங்களால் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் அங்கே குடியேறினார். முதல் முயற்சி அவருடையது என்பர். 1881இல் அங்கு நிறுவப்பட்ட பியர் ஆலையே இன்றைய லயன் நிறுவனத்தின் மூலவேர்.

கண்டிக்கு 1867இலேயே ரயில் வந்துவிட்டது. நானுஓயாவுக்கோ 1885இல்தான் வந்தது. அப்படியிருக்க, போக்குவரத்து வசதி மிகுந்த கண்டியை விட்டு மலையுச்சிக்கு ஏன் போனார்கள்? காரணம் குளிர். மாவூறலை மதுவாக்கும் ஈஸ்ட், 20 பாகை செல்சியஸை ஒட்டிய அல்லது அதற்கும் குறைந்த வெப்பத்தில்தான் நல்ல சுவை தரும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் பகல் வெப்பம் அதைத் தாண்டிவிடும். 1,870 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் அந்தக் குளிர் இலவசமாகக் கிடைத்தது. இயந்திரக் குளிரூட்டல் வந்தபின் மலை தேவைப்படவில்லை. 1990களின் இறுதியில் உற்பத்தி சமவெளியிலுள்ள பியகமவுக்கு இறங்கியது.

இனி மின்பானைக்கு வருவோம். ஜெர்மனியின் பிரௌமைஸ்டர், நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர் போன்றவை இவ்வகையின. 2,000 வாற்று வெப்பமூட்டி 25 லீற்றர் நீரை 67 பாகைக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் எடுக்கும். துளையிட்ட உட்கூடையில் நொறுக்கிய முளைப்பார்லியை இட்டு ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சிறு பம்பி நீரைச் சுழற்றும். பின் கூடையைத் தூக்கி வடியவிட்டு, ஹொப்ஸ் சேர்த்து மேலும் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். கண்டியில் நீர் 98 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதைப் புதியவர் நினைவில் வைக்க வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். குளிர்விக்கும் சுருள்குழாயில் ஓடுவது நம் குழாய்நீர். அந்நீரின் வெப்பத்துக்குக் கீழே ஊறல் குளிராது. தொடர்ந்து ஓரிரு வாரம் நொதிக்கவும் குளிர் வேண்டும். ஆகவே பானைக்கு முன் வாங்கவேண்டியது குளிர்சாதனப்பெட்டி. 1881இன் பிரச்சினை அப்படியே இருக்கிறது. கனடாவின் 120 வோல்ற்றுப் பானையை நம் 230 வோல்ற்றில் செருகினால் கருகிப்போகும் என்பது தனிக்கதை.

இவற்றையெல்லாம் தீர்த்தாலும் சட்டம் குறுக்கே நிற்கும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி மது உற்பத்தி செய்வது குற்றம். அதே ஆண்டு ஊரெங்கும் திறக்கப்பட்ட கள்ளுத் தவறணைகளை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. 1915 கலவரத்தின்போது அவ்வியக்கத்தின் டி. எஸ். சேனநாயக்கா முதலியோரைச் சிறையிலிட்டது அரசு. தவறணைக்கு உரிமம் தந்த கைதான் குடிக்காதே என்றவர்களுக்கு விலங்கும் பூட்டியது. அரசின் கண் வருவாய்மீதே இருந்தது.

கனடாவில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சுவதற்குத் தடையில்லை. நிலவறையும் குளிர்ந்திருக்கும். அங்கேயே காய்ச்சு, இங்கே வெறுங்கையுடன் வா என்றேன். நானுஓயா ரயிலில் சேர்ந்து போவதாக ஏற்பாடு.