கிறீச்சிட்ட இடுப்பு



ஆசிரியப் பணியில் இருந்த நாளில், மூட்டுகளை விளக்கக் கதவின் கீலையும் ஆட்டுக்கல்லையும் காட்டுவேன். முழங்கால், கதவுபோலப் பெரும்பாலும் ஒரே திசையில் மடங்குவது. இடுப்போ, குழியில் அமர்ந்த குழவிபோல எப்புறமும் திரும்புவது. கழுத்தில் முளையைச் சுற்றி வளையம் திரும்புவதால் தலை இடவலமாக அசைகிறது. இவ்வளவும் கற்பித்த எனக்கே சென்ற ஆண்டு இடது இடுப்பு மூட்டு தேய்ந்து, வீட்டு வாசற்படி மலையாயிற்று. அறுவைக்கு நாள் குறித்த பின்னரே அச்சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். (அச்சம் வந்தால்தான் நமக்குப் படிப்பு ஓடும் போலும்!)

1946-இல் பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள், தொடையெலும்பின் தலைக்கு மாற்றாக அக்ரிலிக் குமிழைப் பொருத்தினர். அவ்வாறு பொருத்தப்பெற்ற ஒருவரின் இடுப்பு அசையுந்தோறும் கிறீச்சிட்டது. இதையறிந்த ஆங்கில மருத்துவர் ஜான் சார்ன்லி சிரித்துவிட்டுப் போகவில்லை. இயற்கை மூட்டு ஓசையிடுவதில்லையே. அதன் குருத்தெலும்பு பனிக்கட்டியினும் வழுவழுப்பாக இயங்குவதன்றோ? ஓசை எழுந்தால் உராய்வு மிகுதி என்று பொருள். உராய்வு மிகுந்தால் பொருத்திய உறுப்பு எலும்பை விட்டுத் தளர்ந்துவிடும்.

எனவே அவர் உலோகக் குமிழைச் சிறியதாக்கி, டெஃப்லான் கிண்ணத்தில் பொருத்தினார். நோயாளிகள் வலியின்றி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் டெஃப்லான் தேய்ந்தது; உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையைக் கெடுத்தன. நூற்றுக்கணக்கானோருக்குச் செய்த வேலை வீணாயிற்று. அவர்களில் பலருக்கு மறு அறுவையைச் சார்ன்லியே செய்ய வேண்டியதாயிற்று. அந்நாள்களில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1962-இல் நெசவு இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்கு ஏற்றதென ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த பாலிஎதிலீன் துண்டைச் சார்ன்லி பயனற்றதென ஒதுக்கினார். அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவனோ அதைச் சோதனைப் பொறியில் ஏற்றி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும் அது, டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூடத் தேயவில்லை. மேதையைத் திருத்தியவர் பட்டறைக்காரர் என்பதை நான் வகுப்பில் சொல்லத் தவறிவிட்டேன்.

ஆயினும் இம்முறை சார்ன்லி அவசரப்படவில்லை. இரு பொருள்களின் துகளையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு விளைவைப் பார்த்தார். 1962 நவம்பரில் லங்காஷயரிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் பாலிஎதிலீன் கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

எனக்குப் பொருத்தியதும் அவ்வகைக் கிண்ணமே. இன்று இன்னும் மேம்பட்டது. ஆறு வாரங்கழித்து வாசற்படி ஏறியபோது காது கொடுத்துக் கேட்டேன். ஓசை இல்லை.