எடுக்காமல் விட்ட படம்

தஞ்சாவூர் பெரிய கோவிலுக்கு எத்தனை முறை போயிருப்பேன்னு கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் நூறு படமாவது எடுப்பேன். போன மாசம் ஒரு மழை நாளில் அதையெல்லாம் புரட்டிப் பார்த்தா, திரும்பத் திரும்ப மூணே மூணு விஷயம்தான். விமானம், நந்தி, நந்திக்கு முன்னாடி பல்லைக் காட்டிக்கிட்டு நாங்க. விமானத்தோட அடிப்பகுதி முழுக்க ஓடுதே கல்வெட்டு, அது ஒரே ஒரு படத்துல இருக்கு. அதுவும் தங்கச்சி பையன் அதுல சாய்ஞ்சுகிட்டு நின்னதால!

அதே இடத்துல 1858ல் ஒருத்தர் கேமராவோட நின்னார். பேர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியோட மதராஸ் படையில் கேப்டன். 1855ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோட போய் பகான் கோவில்களைப் படமெடுத்தவர். பிறகு மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராகி, 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏத்திக்கிட்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு ஒரு சுத்து சுத்தினார். அவர் எடுத்தப்போ திருமலை நாயக்கர் மகால் சிதைஞ்சு கிடந்தது. அதைச் சீர்படுத்தினதெல்லாம் அப்புறம்தான்.

அவருக்குப் பெரும்பாலும் மெழுகு தடவின காகிதம்தான் நெகடிவ். நெகடிவ் எந்த அளவோ படமும் அதே அளவுதான், அதனால கேமராவே ஒரு பெட்டி சைஸ். வானம் வெறுமையா விழுந்தா நெகடிவிலேயே மேகம் வரைஞ்சு சேர்த்துடுவாராம். போட்டோஷாப்புக்கே தாத்தா :-)

ஆனா நான் அசந்து போனது மேகத்துக்கு இல்லை. பெரிய கோவில் அடிப்பகுதிக் கல்வெட்டை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி நகர்த்தி வரிசையா எடுத்திருக்கார். 21 படங்கள். ஒட்டிச் சேர்த்தா சுமார் 19 அடி நீளம். ஹுல்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படிச்சு தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் அச்சாக்கினது 1890களில். அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே, எழுத்தை எழுத்தாவே காப்பாத்தி வைக்கணும்னு இந்த மனுஷனுக்குத் தோணியிருக்கு.

பலன்? 1859ல் கவர்னரா வந்த ட்ரெவெல்யன், நம்ம நிதி நிலைமைக்கு இதெல்லாம் ஆடம்பரம்னு சொல்லி அந்த வேலைக்கே மூடுவிழா நடத்திட்டார். ட்ரைபும் அதுக்கப்புறம் கேமராவை அதிகம் தொடலை.

இப்ப என் கதை. எங்க ஊர்ப் பக்கம் ஒரு சின்ன சிவன் கோவில். கருவறையின் தெற்குச் சுவர் அடியில் நாலு வரி கல்வெட்டு உண்டு. சின்ன வயசில் அதுல விரலை ஓட்டிக்கிட்டே பிரகாரம் சுத்துவேன். சில வருஷத்துக்கு முன்னாடி கும்பாபிஷேகம்னு திருப்பணி நடந்தது. மணலை வேகமா அடிச்சு சுவரைச் 'சுத்தம்' பண்ணினாங்க. தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டாங்க. கீழ் ரெண்டு வரி டைல்ஸுக்கு அடியில். மேல் ரெண்டு வரி அம்மை வடு மாதிரி ஆயிடுச்சு. யாராவது படியெடுத்தாங்களான்னு கேட்டேன். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலை.

வீட்டுல இருக்கிற எல்லாப் படத்தையும் தேடினேன். அக்கா கல்யாணத்தப்போ அங்கே எடுத்த ஒரு படம் கிடைச்சது. பெரிசு பண்ணிப் பார்த்தா 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும் தெளிவா இருக்கு. எந்த ராஜா, எந்த ஆண்டு, யார் என்ன கொடுத்தாங்க? அதெல்லாம் மாமாவோட தோளுக்குப் பின்னாடி. பாவம், அவரை என்ன சொல்றது? அவரை அங்கே நிக்க வச்சுப் படம் எடுத்ததே நான்தான்.

அதுலேர்ந்து எந்தக் கோவிலுக்குப் போனாலும், அனுமதி உண்டான்னு கேட்டுக்கிட்டு முதல்ல அடிப்பகுதியைத்தான் எடுக்கறேன். ட்ரைப் மாதிரியே ஒரே தூரம், ஒரே உயரம், ஒவ்வொரு படமும் அடுத்ததோட கொஞ்சம் சேர்ற மாதிரி. காலையிலயோ சாயங்காலமோ வெயில் சாய்வா விழும்போது எழுத்து நல்லா எழும்பித் தெரியும். மாவு, சுண்ணாம்பு எதையும் எழுத்து மேல தடவாதீங்க, கல்லுக்குக் கேடு.

உங்க ஊர்க் கோவில்ல இன்னும் டைல்ஸ் போடலையா? இந்த ஞாயித்துக்கிழமையே ஒரு நடை போயிட்டு வாங்க. மாமாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.