இருபது முதல் நாற்பது வரை

குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பெரியபுராணத்தில் ஒரு காய்ச்சலைப் பற்றிச் சொல்கிறார். திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிக்கொண்டது. பனிக்காலத்தில் அந்த நிலத்துக்கு அது இயல்புதான். இயல்பென்று விட்டுவிடச் சம்பந்தருக்கு மனம் ஒப்பவில்லை. பதிகம் பாடி நோயை நீக்கினார் என்கிறது புராணம்.

இயல்பென்று ஏற்பதா, ஒப்பாமல் எதிர்ப்பதா என்ற அந்த வழக்கு, கொரோனா காலத்தில் வயதுக் கணக்காகத் திரும்பி வந்தது. ‘வயசானவங்களுக்குத்தான் ஆபத்து, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசுக்கு என்ன வரும்?’ என்று 2020-ல் கேட்காதவர் குறைவு. அது ஆதாரமில்லாத பேச்சும் அல்ல. கோவிட் மரண ஆபத்து வயதோடு செங்குத்தாக ஏறியது. திடகாத்திரமான இருபது வயதுக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆனால் எல்லாக் கொள்ளைநோய்களும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை அல்ல. கோவிட்டும் முழுதாகக் கட்டுப்படவில்லை.

1918 அதற்குப் பெரிய சாட்சி. அந்த ஆண்டின் நடுவில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்த இன்ஃபுளுயன்சா, செப்டம்பருக்குப் பிறகு கொடிய இரண்டாம் அலையாக நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் மாண்டவர்கள் 1.2 கோடி முதல் 2 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய வளரவே இல்லை. சென்னை மாகாணத்தில் சாவு விகிதம் பம்பாயைவிடக் குறைவு என்றாலும், இங்கும் அது பஞ்ச காலம். அந்தச் செப்டம்பரில்தான் சென்னையில் விலைவாசி பொறுக்காமல் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டன.

சாதாரண ஃபுளூ குழந்தைகளையும் கிழவர்களையும் கொண்டுபோகும். 1918-ன் காய்ச்சலோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களைத் தேடி வந்ததுபோல் கொன்றது. உழைக்கும் உடலின் எதிர்ப்பாற்றலே அளவுமீறி நுரையீரலைச் சிதைத்தது என்பது ஒரு விளக்கம். மூத்தவர்களுக்கு முந்தைய காய்ச்சல்கள் கொஞ்சம் காப்பு தந்திருந்தன என்பது இன்னொன்று. அன்றைய திசு மாதிரிகளை மறுபடி ஆராய்ந்து 2008-ல் வெளிவந்த கட்டுரை, பெரும்பாலான உயிர்களைப் பறித்தது வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்றது. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். கடைசியாகச் சாப்பிட்டு, நோயாளிக்குப் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தவர்கள் அவர்கள் என்பதை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். வயதும் உடலும் மட்டும் ஆபத்தைத் தீர்மானிக்கவில்லை. வீட்டில் யார் எங்கே நின்றார்கள் என்பதும் தீர்மானித்தது.

குன்றத்தூருக்குத் தெற்கே, தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையமே ‘சானடோரியம்’ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. வாலிபர்களை அரித்த இன்னொரு நோயான காசத்துக்காக டாக்டர் சௌரி முத்து 1928-ல் அங்கே மருத்துவமனை தொடங்கினார். முன்பு இங்கிலாந்தில் அவர் நடத்திய காசநோய் இல்லத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1920-ல் அவர் இறந்தபோது வயது 32. பின்னர் அரசு வசமான தாம்பரம் மருத்துவமனை, 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கதவைத் திறந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் உழைக்கிற வயதினர்.

2009-ல் வந்த பன்றிக் காய்ச்சலும் மூத்தோரை ஓரளவு விட்டுவிட்டு இளையோரையே அதிகம் பிடித்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மாதிரிகள் சோதிக்கப்பட்ட அந்த மாதங்கள் சீக்கிரமே மறந்துபோயின.

பிறகு 2021. குன்றத்தூரின் மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் ஆலைகளில் ஷிப்டுக்குப் போவோர் பெரும்பாலும் இளைஞர்கள். தடுப்பூசி வரிசையோ வயதுப்படி நகர்ந்தது: மார்ச்சில் அறுபதைக் கடந்தவர்கள், ஏப்ரலில் 45-ஐக் கடந்தவர்கள், அதற்குப் பிறகே மற்றவர்கள். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. ஊரடங்கில் ஊரே முடங்கியிருக்க, கார் ஆலைகளுக்கு அனுமதி இருந்தது. மே 24 அன்று ஹூண்டாய் தொழிலாளர்கள் உள்ளே அமர்ந்து போராடினார்கள். ஆலை ஐந்து நாள் நின்றது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம், இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. விதிகளைப் பின்பற்றுவதாக நிர்வாகம் வாதிட்டது.

தொழிலாளர்கள் தங்கள் வயதைப் பற்றி வாதாடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். நகரும் வரிசையில் ஒவ்வொரு மூன்று காருக்கும் பிறகு ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள் என்று கேட்டார்கள். அதிகாரிகள் ஆலைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். மே 20 அன்று திருப்பூரில் 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசியைத் தமிழக அரசு தொடங்கியபோது, முன்னுரிமைப் பட்டியலில் ஆலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். சராசரியில் ஆபத்து குறைந்த வயதினர்தான். ஆனாலும் வேலை அவர்களை எங்கே நிறுத்தியது என்பதைப் பார்த்து இடம் கொடுத்த அந்த முடிவு சரியானது, இன்னும் முன்னதாகவே வந்திருக்க வேண்டியது.