நீலத்துக்குக் கீழே சிவப்பு

போன ஆகஸ்ட் விடுமுறையில் ஹாலிஎலயில் ஒரு தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில் உட்கார்ந்து, எங்களில் ஒருவனுடைய மாமாவின் பழைய எம்டி 90 மோட்டார் சைக்கிளின் பக்க மூடியை வோட்டர் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தோம். மேலே நீலம். நீலம் கரைந்து ஓடியதும் கறுப்பு வந்தது. கறுப்புக்குக் கீழே சாம்பல் நிற ப்ரைமர், அதுவும் பாதி இடத்தில்தான். அதற்கும் கீழே சிவப்பு. மாமா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அதுதான்டா அதோட பொறந்த நிறம். ஜப்பான்ல தபால்காரன் ஓட்டுன வண்டி."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். தேடிப் பார்த்தால் உண்மைதான். ஜப்பான் தபால்காரர்களுக்காக ஹொண்டா தனியாகச் செய்த வண்டி எம்டி 90. அந்த நாட்டில் தபால் பெட்டியும் சிவப்பு, தபால் வண்டியும் சிவப்பு. அங்கே ஓடி ஓய்ந்தவை இரண்டாம் கையாக இலங்கைக்கு வந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இந்த வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை வடக்கு நண்பர்களிடம் கேளுங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் பக்கத்துக் கதை அவ்வளவு வீரமானது இல்லை. இங்கே அது கொழும்பில் ஒருவர், பண்டாரவளையில் ஒருவர், பதுளையில் ஒருவர் என்று கை மாறி, நாலாவது கையாகத் தோட்டத்துக்கு ஏறி வந்த வண்டி. ஒவ்வொரு கையும் ஒரு நிறம் பூசியிருக்கிறது.

தோட்டத்துக்கு வாகனம் எப்போதுமே பிந்தித்தான் வந்தது. பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது 1924இல். ஹாலிஎல நிலையம் அந்தப் பாதையில் பதுளைக்கு முந்தியது. ரயில் முதலில் தேயிலைக்காக, பிறகுதான் ஆளுக்காக. தொரைக்குக் கார் இருந்தது, தோட்டத்துக்கு லொறி இருந்தது, கொழுந்து எடுப்பவருக்குக் கால் இருந்தது. சொந்தமாக ஒரு என்ஜின் என்பது எங்கள் தாத்தா காலத்தில் யோசிக்கிற விஷயமே இல்லை.

அதே 1924ஆம் வருடம் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. அதுவரை கார் ஒன்றுக்கு வார்னிஷ் பூசிக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். டுபோன்ட் கம்பெனி 'டூகோ' என்று ஒரு நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் கொண்டுவந்தது. ஓக்லண்ட் என்ற கார் அந்த வருடம் நீல நிற டூகோ பூசி விற்பனைக்கு வந்தது. மணிக்கணக்கில் காய்கிற பெயின்ட்! ஸ்ப்ரே அடிக்கிற பெயின்ட்! பிற்பாடு எந்த ஊர் கராஜிலும் ஒரு பெயின்ட் பாஸ் உருவாக முடிந்தது இதனால்தான். 'பாஸ்' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது. தமிழ்நாட்டில் இன்றும் சில கராஜ் பலகைகளில் 'டூகோ பெயின்டிங்' என்று எழுதியிருக்கும்.

ஆனால் டூகோ பிறந்தது தகரத்துக்காக. நாங்கள் மாட்டிக்கொண்டது பிளாஸ்டிக்கில்.

பக்க மூடி நன்றாக வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் லெக் ஷீல்டையும் தேய்த்து, ஸ்ப்ரே டின்னில் சிவப்பு அடித்தோம். பார்க்க அப்படியே கண்ணாடி. மூன்றாம் நாள் மாமா காலை உரசி ஏறினார், ரூபா நோட்டு அளவில் ஒரு தோல் உரிந்து அவருடைய காற்சட்டையில் ஒட்டிக்கொண்டது. விரலால் இழுத்தால் மிச்சமும் வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வந்தது.

காரணம் 1958இல் இருக்கிறது. அந்த வருடம் ஆகஸ்டில் ஹொண்டா சூப்பர் கப் வெளிவந்தது. எங்கள் எம்டி 90 அதன் பேரப்பிள்ளை. 2017இல் 10 கோடி வண்டியைத் தொட்ட குடும்பம் அது. அதன் முன் மட்கார்டையும் லெக் ஷீல்டையும் ஹொண்டா தகரத்தில் செய்யாமல் பொலிஎத்திலீனில் வார்த்தது. பாரம் குறைவு, துருப்பிடிக்காது, விழுந்தால் நெளியாது. நிறத்தைப் பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்த்துவிடலாம், பெயின்ட் அடிக்கிற செலவும் இல்லை. அதாவது இந்தப் பொருளுக்கு மேல் யாரும் பெயின்ட் அடிக்கப்போவதில்லை என்ற கணக்கில்தான் அது செய்யப்பட்டது. நாலாவது கையைப் பற்றி யோசித்தவர் யார்?

பொலிஎத்திலீனும் அதன் தம்பி பொலிபுரொப்பிலீனும் எண்ணெய் தடவின பாத்திரம் மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பரவாது, முத்தாக உருண்டு நிற்கும். தண்ணீர் ஒட்டாத இடத்தில் பெயின்டும் ஒட்டாது, சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அப்படியில்லை, தேய்த்துவிட்டு ப்ரைமர் அடித்தால் பிடித்துக்கொள்ளும். இப்போதைய ஸ்கூட்டர்களின் பளபளப்பான உடம்பெல்லாம் பெரும்பாலும் ஏபிஎஸ். கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கிற அடிப்பாகங்கள் பொலிபுரொப்பிலீன். மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் உட்பக்கம் அநேகமாக இங்கிலீஷில் எழுத்துப் போட்டிருக்கும். நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

பதுளையில் ஒரு பெயின்ட் பாஸிடம் லெக் ஷீல்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பெயின்டைப் பார்க்கவில்லை, நகத்தால் பிளாஸ்டிக்கைக் கீறிப் பார்த்தார். "மெழுகு மாதிரி கீறுதா? அப்போ இது சாதாரண ப்ரைமருக்கு அடங்காது தம்பி." பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கிற ஒட்டு ப்ரைமரை முதலில் மெல்லிசாக அடிக்க வேண்டும். அதிலிருக்கிற குளோரின் சேர்ந்த பிசின் ஒரு கையால் பிளாஸ்டிக்கையும் மறு கையால் பெயின்டையும் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலையில் இதற்குத் தீச்சுவாலையை மேலே ஓட்டுவார்களாம். "வீட்ல அதைச் செய்யாதீங்க, லயத்தையே கொளுத்திருவீங்க" என்றார்.

இது எங்கள் ஊர்த் தலைவலி மட்டுமில்லை. நண்பன் ஒருவனின் அக்கா குடும்பம் கனடாவில். பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைலின் மூடிக்கு வீட்டு கராஜில் பெயின்ட் அடித்து, அத்தானுக்கும் இதே மாதிரி உரிந்ததாம். கியூபெக்கின் வல்கூர் ஊரில் பொம்பார்டியர் 1959இல் ஸ்கீ-டூ செய்யத் தொடங்கினார். பிறகு அந்த வண்டிகளின் மூடி ஃபைபர்கிளாஸில் வந்தது, அதற்குப் பெயின்ட் பிடிக்கும். பின்னாளில் வளைகிற பிளாஸ்டிக் வந்ததும் சிக்கல் வந்துவிட்டது. குளிரில் வளைந்தாலும் வெடிக்காத மாதிரி பெயின்டில் நெகிழ்வுக்கு ஒரு மருந்து கலக்க வேண்டுமாம். பனியையே பார்க்காத நாங்கள் வீடியோ காலில் அவரோடு ப்ரைமர் பற்றி ஒரு மணிநேரம் பேசினோம்.

ஆனால் ஒரு வித்தியாசம். அத்தானுக்கு அது பொழுதுபோக்கு. எங்களுக்கு 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய 5 வருடம் நாட்டில் இருந்த வண்டிகளே சுற்றிச் சுற்றி விற்கப்பட்டன, பழைய வண்டிக்குத் தங்கத்தின் மரியாதை வந்தது. 2021இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாவைத் தொட்டது. அந்தக் கூலியில் ஒரு பழைய வண்டியை வாங்கினவர், அடுத்தவன் பெயர் எழுதியிருக்கிற மூடியை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுவாரா? எங்கள் ஊரில் பெயின்ட் என்பது அழகுக்கு மட்டும் இல்லை. 'இது இப்போ என்னோடது' என்று சொல்கிற வழி.

இரண்டாம் தடவைதான் உண்மையான தப்பைச் செய்தோம். ஹார்ட்னர் கலக்கிற நல்ல பெயின்ட் வாங்கி, காற்றுக்குப் பயந்து காம்பிராவுக்குள்ளே வைத்து அடித்தோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் அடிக்கிற வறண்ட காற்று தேயிலைக்கு வாசம் கொடுக்கும், ஈரப் பெயின்டுக்குத் தூசி கொடுக்கும். உள்ளே தூசி இல்லைதான். ஆனால் எங்கள் லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டு அப்பாயி இருமத் தொடங்கி, ராத்திரி முழுக்க நிறுத்தவில்லை. அந்த ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பதம் பார்க்கிற சாமான். புதிதாக ஆஸ்துமாவையே கொண்டுவரக்கூடியது. துணி முகமூடிக்கு அது அடங்காது. தின்னர் ஆவி அடுப்புத் தீயைத் தொட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. அடுத்த நாள் அப்பாயியிடம் போய் நின்றோம். "வண்டிக்கு நல்ல சட்டை போடுறீங்க, எனக்கு மூச்சு முட்டுதுடா சாமி" என்றார். ஒருவரும் பதில் பேசவில்லை.

மூன்றாம் தடவை லயத்தைவிட்டு எட்டப் போனோம். விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால், பிரட்டுக் களத்தின் ஓரத்தில், நாலு கம்பு நட்டுச் சாக்கு கட்டி அடித்தோம். ஹார்ட்னர் இல்லாத ஸ்ப்ரே டின்தான். ஒட்டு ப்ரைமர் ஒன்று, சிவப்பு மூன்று மெல்லிய பூச்சு. முதல் தடவை மாதிரி கண்ணாடியாக இல்லை, கிட்டப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டு மாதமாக உரியவில்லை.

இப்போது வண்டி முழுக்க சிவப்பு. வண்டிப் புத்தகத்தில் இன்னும் நீலம்தான். நிறம் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். மாமா இன்னும் போகவில்லை. "ஒரு நாள் வேலையை விட்டுட்டுப் போகணும்" என்கிறார். அதுவரை பொலிஸ் நிற்கிற சந்தியை விட்டு மேல் ரோட்டால் சுற்றிப் போகிறார்.