நீலத் தொட்டியில் எதைப் போடலாம்? எதைப் போடக்கூடாது?

தேக்கா நிலையத்தில் வாங்கிய பிரியாணியைச் சாப்பிட்டாச்சு. பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் சால்னா ஒட்டியிருக்கிறது. "பிளாஸ்டிக்தானே!" என்று அதை அப்படியே புளோக்கின் கீழுள்ள நீலத் தொட்டியில் போடலாமா?

வேண்டாம். அந்த ஒரு டப்பாவிலிருந்து வழியும் சால்னா, தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் செய்தித்தாள்களையும் அட்டைப் பெட்டிகளையும் பாழாக்கிவிடும்.

நீலத் தொட்டிகளில் சேரும் பொருள்களில் சுமார் 40 விழுக்காட்டை மறுபயனீடு செய்ய முடிவதில்லை. அசுத்தமாக இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதனால் என்ன நட்டம்?

மறுபயனீடு செய்ய முடியாதவை எரியாலைக்குப் போகும். எரித்தால் குப்பையின் அளவு சுமார் 90 விழுக்காடு குறையும். மிஞ்சும் சாம்பலைக் கொட்ட சிங்கப்பூரில் இருப்பது ஒரே இடம்: 1999இல் செயல்படத் தொடங்கிய செமக்காவ் குப்பை நிரப்புமிடம். இப்போதைய வேகத்தில் அது 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று முன்னுரைக்கப்படுகிறது.

இவற்றைப் போடலாம்:

- செய்தித்தாள், புத்தகம், அட்டைப் பெட்டி
- பிளாஸ்டிக் போத்தல், ஷாம்பு போத்தல்
- ஊறுகாய், ஜாம் கண்ணாடிப் போத்தல்
- பானக் கேன், உணவு டின்

இவற்றைப் போடக்கூடாது:

- மிச்ச உணவு, எண்ணெய் படிந்த காகிதம், வாழை இலை
- டிஷ்யூ
- ஸ்டைரோஃபோம் பெட்டி
- பீங்கான் தட்டு
- பழைய துணி, காலணி, பொம்மை
- மின்சாதனம், பேட்டரி (இவற்றுக்குத் தனித் தொட்டிகள் உண்டு)

சோப்புப் போட்டுக் கழுவணுமா?

தேவையில்லை. உள்ளே இருப்பதைக் காலிசெய்து, தண்ணீரில் ஒருமுறை அலசி, வடியவிட்டால் போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அலசலாம்.

"எல்லாம் ஒரே லாரியிலதான போகுது?"

பலரும் கேட்கும் கேள்வி இது. குப்பைக்கு ஒரு லாரி. நீலத் தொட்டிக்கு வேறொரு லாரி. காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி எல்லாவற்றையும் நீலத் தொட்டியில் ஒன்றாகவே போடலாம். அவை பிறகு தரம்பிரிக்கும் நிலையத்தில் பிரிக்கப்படும். வீட்டில் நாம் பார்க்க வேண்டியது சுத்தத்தைத்தான்.

அதற்கும் முன்னால்...

மறுபயனீடு கடைசிப் படி. முதல் படி, குப்பையையே குறைப்பது.

- உணவு பொட்டலம் கட்ட வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பா கொண்டுபோகலாம்.
- கடைக்குத் துணிப்பை எடுத்துச் செல்லலாம். பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம்.
- ஊறுகாய்ப் போத்தலைக் கழுவினால் மிளகு, சீரகம் போட்டு வைக்க உதவும்.
- தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது கிடைக்கும் நல்ல துணிகளை நன்கொடையாகக் கொடுக்கலாம்.

பான போத்தல், கேன்களுக்குத் தனித் திட்டமும் உண்டு. 2026 ஏப்ரல் 1ஆம் தேதியைத் தொடக்க நாளாகக் கொண்ட அந்தத் திட்டத்தில், வைப்புத்தொகைக் குறியீடு உள்ள பிளாஸ்டிக் போத்தலையும் உலோகக் கேனையும் காலியாகத் திருப்பிக் கொடுத்தால் 10 காசு திரும்பக் கிடைக்கும்.

இனி, தொட்டி முன் நிற்கும்போது மூன்றே கேள்விகள்: காலியா? சுத்தமா? காய்ந்திருக்கா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், பட்டியலில் உள்ள பொருளைத் தாராளமாகப் போடலாம்.